நிரல் தெரியாதவருக்கும் வேலை உண்டா? திறமூல மென்பொருள் சோதனைப் பணி: ஒரு மதிப்புரை

நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் திறந்துவைத்திருக்கும் திறமூல மென்பொருள் திட்டங்கள் பலவற்றின் முகப்பில் ஓர் அழைப்பு இருக்கும்: நிரல் எழுதத் தெரியாவிட்டாலும் பங்களிக்கலாம், சோதனையாளராக வாருங்கள். இந்த அழைப்பை நம்பிப் போகலாமா, போனால் உருப்படியான வேலை கிடைக்குமா, கொடுத்த நேரத்துக்குப் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்காக இந்த மதிப்புரையை எழுதுகிறேன். என் தொழில் மெய்ப்புப் பார்ப்பது. நாள் முழுக்கச் சொற்செயலியைத் திறந்துவைத்துக்கொண்டு அடுத்தவர் எழுத்தைத் திருத்துகிறேன். நிரல் எழுதத் தெரியாது, கற்றுக்கொள்ளும் எண்ணமும் இல்லை. ஆனாலும் சில ஆண்டுகளாக ஓய்வு நேரத்தில் பெரும்பகுதி இந்தச் சோதனை வேலைக்குத்தான் போகிறது.

என் பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் எந்த வாசல் வழியாக நுழைகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் நீங்கள் நிலைப்பதும் ஒரே வாரத்தில் சலித்துப்போய்த் திரும்புவதும்.

புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். மென்பொருளை நிறுவிக்கொண்டு, கண்ட இடத்தையெல்லாம் சொடுக்கி, புதிய பிழை எதாவது அகப்படுமா என்று தேடுவார்கள். பெரிய திட்டங்களில் இது பெரும்பாலும் வீண் உழைப்பு. மேலோட்டமாகக் கண்ணில் படும் பிழைகளை ஏற்கெனவே யாராவது பதிவுசெய்திருப்பார்கள். நீங்கள் எழுதிய அறிக்கை, "இது முன்பே பதிவானது" என்ற குறிப்போடு மூடப்படும். நான் பரிந்துரைக்கும் வாசல் வேறு. மற்றவர்கள் எழுதிவைத்து, இன்னும் யாரும் உறுதிசெய்யாமல் கிடக்கும் அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். சோதனையாளருக்குத் தட்டுப்பாடு இருப்பது அங்கேதான். பிழை என்று சொல்லப்படுவது உண்மையிலேயே பிழைதானா, இன்னொரு கணினியிலும் நிகழ்கிறதா, எந்தச் சூழ்நிலையில் நிகழ்கிறது என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நிரலாளராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பொறுமையும் வரிசைப்படி எழுதும் பழக்கமும் இருந்தால் போதும்.

இந்த வாசலை மிக நன்றாகத் திறந்துவைத்திருக்கும் திட்டம் என்று நான் கருதுவது லிப்ரே ஆபிஸ். 2010 செப்டம்பரில் ஓப்பன் ஆபிஸிலிருந்து பிரிந்துவந்த அலுவலகத் தொகுப்பு அது. டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளை அதைப் பேணுகிறது. பிழைகளைப் பதிவதற்கு அங்கே பயன்படுவது பக்ஸில்லா. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொஸில்லா திட்டத்தில் உருவாகி 1998 முதல் புழக்கத்தில் இருக்கும் கருவி. முதல் முறை பார்ப்பவருக்கு மிரட்சி ஏற்படும். ஒரே பக்கத்தில் அத்தனை பெட்டிகள். அவற்றில் தொடக்கத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியவை சிலவே: எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், எந்தப் பகுதி, இப்போது என்ன நிலை. மீதியை மறந்துவிடுங்கள்.

அந்த "நிலை" என்ற பெட்டியைச் சுற்றித்தான் சோதனையாளரின் வேலை முழுவதும் நடக்கிறது. ஒருவர் அறிக்கை எழுதினால் அது முதலில் "உறுதிப்படுத்தப்படாதது" என்று நிற்கும். எழுதியவரே அதை உறுதிசெய்துகொள்வது முறையல்ல. வேறொருவர், வேறொரு கணினியில், அதே படிகளைச் செய்து அதே விளைவைப் பார்த்த பிறகுதான் "புதியது" என்ற நிலைக்கு நகர்த்த வேண்டும். விவரம் போதாவிட்டால் "தகவல் தேவை". ஆறு மாதம் வரை பதில் வராவிட்டால் தானியங்கி நினைவூட்டல் போகும். அதற்கும் பதில் இல்லையென்றால் போதிய தகவல் இல்லை என்று மூடப்படும். எனக்கு இந்த ஒழுங்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஒருவர் கண்ணில் பட்டது இன்னொருவர் கண்ணிலும் பட வேண்டும் என்ற ஒரே விதியின் மேல் முழு அமைப்பும் நிற்கிறது.

உறுதிசெய்யும் வேலை எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். இப்படி ஓர் அறிக்கை வருவதாக வைத்துக்கொள்வோம்: "பெரிய கோப்பில் அடிக்குறிப்புகள் இடம் மாறிவிடுகின்றன. மிக அவசரம். உடனே சரிசெய்யவும்." அவ்வளவுதான். எந்தக் கோப்பு, எத்தனை பக்கம், எந்தப் பதிப்பு, என்ன செய்தபோது இடம் மாறியது, ஒன்றும் இல்லை. இதைப் படித்துவிட்டு எரிச்சல்படுபவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டாம். எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவருடைய ஆவணம் நிஜமாகவே குலைந்திருக்கிறது. அதை அடுத்தவர் பார்க்கும்படி சொல்லத் தெரியவில்லை, அவ்வளவே.

முதலில் பணிவாகக் கேட்க வேண்டும்: பதிப்பு எண், இயங்குதளம், மாதிரிக் கோப்பு. கோப்பு வந்துவிட்டது என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அடுத்து, பாதுகாப்பு முறையில் மறுதொடக்கம் செய்து பார்க்கச் சொல்ல வேண்டும். லிப்ரே ஆபிஸின் உதவிப் பட்டியிலேயே இந்த வசதி இருக்கிறது. பயனரின் அமைப்புகளும், அவர் கூடுதலாகச் சேர்த்த நீட்சிகளும் ஒதுங்கி நிற்க, மென்பொருள் மட்டும் தனியாக இயங்கும். அப்போது பிழை மறைந்துவிட்டால் சிக்கல் அவருடைய அமைப்புக் கோப்பில் இருக்கிறது. நிரலில் தேடிப் பயனில்லை. மறையவில்லை என்றால் மேலே போகலாம்.

இனித்தான் எனக்குப் பிடித்த கட்டம். கோப்பைக் குறைப்பது. முந்நூறு பக்க ஆவணத்தில் பிழை நிகழ்கிறது என்றால் எந்த நிரலாளரும் அதில் கைவைக்க யோசிப்பார். ஒரு நகல் எடுத்துக்கொண்டு பின்பாதியை நீக்குங்கள். பிழை இருக்கிறதா? இருந்தால் மீதியிலும் பாதியை நீக்குங்கள். போய்விட்டதா? நீக்கியதைத் திரும்பக் கொண்டுவந்து முன்பாதியை நீக்குங்கள். இப்படியே போனால் கடைசியில் ஒரே பக்கம் மிஞ்சும். அதில் ஓர் அட்டவணை, அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் ஓர் அடிக்குறிப்பு, அந்தக் கட்டம் சரியாகப் பக்கத்தின் அடியில் முடிகிறது. இப்போது படங்களை எடுத்துவிடுங்கள், எழுத்துருவை இயல்பானதாக மாற்றுங்கள், உரையை அர்த்தமில்லாத எழுத்துகளால் நிரப்புங்கள். இத்தனைக்குப் பிறகும் பிழை நிற்கிறது என்றால் அதுதான் பிழையின் உண்மையான உருவம். "பெரிய கோப்பு" என்று அவர் சொன்னதற்கும் பிழைக்கும் சம்பந்தமே இல்லை என்பதும் தெரிந்துவிடும். அட்டவணைக் கட்டமும் பக்க முடிவும் அடிக்குறிப்பும் ஒன்றுசேரும் இடம்தான் சிக்கல்.

பிறகு எழுத வேண்டிய அறிக்கை மிகச் சிறியது. இணைத்துள்ள கோப்பைத் திறக்கவும். அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் கர்சரை வைக்கவும். ஒருமுறை எண்டர் அழுத்தவும். எதிர்பார்ப்பது: அடிக்குறிப்பு தன் எண்ணோடு அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும். நடப்பது: எண் மட்டும் போகிறது, குறிப்பு பழைய பக்கத்திலேயே நிற்கிறது. இந்த நான்கைந்து வரிக்குப் பின்னால் ஒரு மாலை நேரம் முழுவதும் கரைந்திருக்கும். அதனால் மிச்சமாவது நிரலாளரின் நேரம்.

மெய்ப்புப் பார்ப்பவர்கள் இந்த வேலையில் நன்றாகவே தேறுவார்கள் என்பது என் அனுபவம். வாக்கியம் என்ன சொல்ல வருகிறது என்பதை ஒதுக்கிவைத்துவிட்டு என்ன அச்சாகியிருக்கிறது என்பதை மட்டும் பார்க்கப் பழகிய கண் எங்களுடையது. கணக்கர்கள், நூலகர்கள், சட்ட ஆவணம் தயாரிப்பவர்கள் எல்லோருக்கும் இதே பழக்கம் இருக்கும். நிரலாளர்களுக்கு இல்லாத ஒன்றும் நம்மிடம் இருக்கிறது: நாள் முழுவதும் அந்த மென்பொருளில் உட்கார்ந்து வேலை செய்கிறோம். பொருளடக்கத்தைப் புதுப்பித்தால் தலைப்பின் எழுத்துரு மாறுவது, கருத்துரைகளை அச்சிட்டால் ஓரம் வெட்டுப்படுவது போன்றவை ஐந்து நிமிடம் மென்பொருளைத் திறந்து பார்ப்பவருக்கு அகப்படவே படா.

லிப்ரே ஆபிஸுக்கு நான் முதலிடம் கொடுப்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அதை எண்ணி இன்றும் எனக்கு வியப்பு அடங்கவில்லை. முந்தைய பதிப்பில் ஒழுங்காக இயங்கிய ஒன்று புதிய பதிப்பில் கெட்டுப்போகும் வகைப் பிழைகள் உண்டு. பின்னடைவுப் பிழை என்று சொல்வோம். இடையில் ஆயிரக்கணக்கான மாற்றங்கள் நடந்திருக்கும். அவற்றில் எந்த மாற்றம் இதைக் கெடுத்தது? மற்ற இடங்களில் இந்தக் கேள்விக்கு விடை காண மூல நிரலை இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் அதை இயங்கும் மென்பொருளாகத் தொகுத்து, ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். நம்மைப் போன்றவர்களுக்கு அது எட்டாக்கனி. லிப்ரே ஆபிஸ் குழுவினர் மாற்றங்களைத் தாங்களே முன்கூட்டித் தொகுத்து, இயங்கும் மென்பொருளாகவே, மாற்றங்களை வரிசையாகச் சேமிக்கும் கிட் என்ற கருவியின் களஞ்சியம் ஒன்றில் அடுக்கிவைத்திருக்கிறார்கள். பிபைசெக்ட் என்று அதற்குப் பெயர். களஞ்சியத்தை இறக்கிக்கொண்டு, "இந்த முனையில் நன்றாக இருந்தது, இந்த முனையில் கெட்டிருக்கிறது" என்று சொன்னால் அது நடுவில் இருக்கும் ஒன்றை எடுத்து நீட்டும். திறந்து, அதே படிகளைச் செய்து, நல்லது அல்லது கெட்டது என்று பதில் சொல்ல வேண்டும். மறுபடி மீதியின் நடுவிலிருந்து ஒன்றை நீட்டும்.

கணக்கு எளியது. ஒவ்வொரு பதிலும் தேட வேண்டியதைப் பாதியாக்குகிறது. 1,000 மாற்றங்கள் இருந்தால் 10 முறை திறந்து பார்த்தால் போதும். 4,000 இருந்தால் 12 முறை. கடைசியில் திரையில் ஒரே ஒரு மாற்றம் நிற்கும்: அதன் அடையாள எண், தேதி, செய்தவர் பெயர். அதை அப்படியே பிழை அறிக்கையில் ஒட்டி, மாற்றத்தைச் செய்தவரையும் அந்த அறிக்கையில் சேர்த்துவிடுவது அங்கே வழக்கம். குறைசொல்லும் நோக்கம் இதில் இல்லை. அந்த இடத்தை நன்கு அறிந்தவர் அவர்தான் என்பதால் சேர்க்கிறார்கள். சில நாள்களிலேயே திருத்தம் வந்த பிழைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வரி நிரல்கூடப் படிக்கத் தெரியாத ஒருவர், உலகெங்கும் பயன்படும் ஒரு மென்பொருளில் தவறு நுழைந்த இடத்தை விரல்வைத்துக் காட்ட முடிகிறது. தன்னார்வலரை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் காணவில்லை.

செலவு இல்லாமல் இல்லை. இந்தக் களஞ்சியங்கள் பல ஜிபி அளவு கொண்டவை. நல்ல இணைய இணைப்பும், வட்டில் தாராளமான இடமும் வேண்டும். பழைய மடிக்கணினியை வைத்துக்கொண்டு இதில் இறங்கினால் காத்திருந்தே களைத்துப்போவீர்கள். அப்படிப்பட்டவர்கள் உறுதிசெய்யும் வேலையோடு நின்றுகொள்ளலாம், அதில் ஒரு குறைவும் இல்லை.

தமிழில் எழுதுபவர்கள் சோதனைக்கு வர வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு நிகழ்ச்சி காரணம். திட்டத்தின் பெயர் வேண்டாம். திறமூல உரைத் தொகுப்பி ஒன்றில், திரையில் கண்ணெதிரே நிற்கும் "கொடி" என்ற சொல்லைத் தேடினால் "இல்லை" என்று பதில் வந்தது. அதே கோப்பில் இன்னோர் இடத்தில் இருந்த "கொடி" மட்டும் கிடைத்தது. இரண்டுக்கும் பார்வைக்கு ஒரு வேறுபாடும் இல்லை. காரணம் இதுதான்: எழுத்துகளுக்குக் குறியீட்டு எண் தரும் யூனிகோடு முறையில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்று யூனிகோடு விதி சொல்கிறது. பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றப்பட்ட கோப்புகளில் இரண்டாவது வகை வர வாய்ப்பு அதிகம். தேடும் நிரல் இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்காமல் விட்டிருந்தது.

இதை எப்படிப் பதிவது? திட்டத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டால் அவர்களுக்கு இரண்டு ஒரே மாதிரியான கிறுக்கல்கள்தான் தெரியும். ஆகவே இரண்டு வரி மட்டும் கொண்ட ஒரு கோப்பை உருவாக்கினேன். ஒவ்வொரு வரியிலும் எந்தெந்தக் குறியீடுகள் இருக்கின்றன என்று அறிக்கையில் எண்களோடு எழுதினேன். கூடவே இன்னொரு மாதிரியும் சேர்த்தேன். பிரெஞ்சு எழுத்துகளின் தலையில் சாய்குறி வரும் அல்லவா, அதையும் ஒரே குறியீடாகவோ, எழுத்து தனி, குறி தனி என்றோ எழுத முடியும். அங்கும் இதே தேடல் தோற்றது. உலகில் எந்த மூலையில் இருப்பவரும் தம் விசைப்பலகையிலேயே தட்டிப் பார்த்துக்கொள்ளக்கூடிய பிழையாக அது மாறிவிட்டது. உறுதிசெய்தவர் ஓர் ஐரோப்பியர். தமிழுக்காகத் தொடங்கிய அறிக்கை, பல மொழிக்காரர்களுக்கும் சேர்த்துத் திருத்தப்பட்டது. கர்சர் நகர்வு, பின்னழிப்பு விசை ஓர் எழுத்தை எத்தனை அழுத்தலில் நீக்குகிறது, வரி முடிவில் சொல் எங்கே உடைகிறது என்று நம் எழுத்துமுறையில் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அந்த எழுத்தில் தினமும் வேலை செய்யாதவருக்கு இவை பிழை என்றே தெரியாது.

மற்றத் திட்டங்களைப் பற்றிச் சுருக்கமாக. ஃபயர்ஃபாக்ஸில் சோதனை செய்ய விரும்புபவர் நைட்லி பதிப்பை நிறுவிக்கொண்டால் போதும்; அன்றன்றைய மாற்றங்கள் வந்துகொண்டே இருக்கும். பின்னடைவுப் பிழையைத் தேடுவதற்கு மொஸ்ரெக்ரஷன் என்ற கருவி இருக்கிறது. நான் மேலே சொன்ன பாதிப்பாதியாகத் தேடும் முறையை அது பழைய பதிப்புகளைத் தானே இறக்கிச் செய்துகொடுக்கிறது. ஃபெடோரா என்ற லினக்ஸ் இயங்குதளத்தில், புதுப்பிப்புகள் பொதுமக்களுக்குப் போகும் முன் சோதனைக் களஞ்சியத்தில் நிற்கும். நிறுவிப் பார்த்து நன்றாக இருந்தால் ஒரு புள்ளி கூட்டலாம், கெட்டிருந்தால் ஒரு புள்ளி குறைக்கலாம். குறைந்த நேரமே ஒதுக்க முடிந்தவர்களுக்கு இது மிகவும் ஏற்றது. சோதனை நாள் என்று அறிவித்து, ஒரே பகுதியை எல்லோரும் சேர்ந்து பார்க்கும் வழக்கமும் அங்கே உண்டு.

இன்னொரு லினக்ஸ் இயங்குதளமான டெபியன் வேறு ரகம். அங்கே பிழை அமைப்பு மின்னஞ்சல் வழியாக இயங்குகிறது. அறிக்கை எழுதுவதும் நிலையை மாற்றுவதும் மின்னஞ்சலில்தான். முதல் அறிமுகத்துக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். பழகியவர்களுக்கு இதைப்போல விரைவானது வேறில்லை. சோதனையாளரின் சொல்லுக்கு அங்கே இருக்கும் கனமும் பெரிது. மிகக் கடுமையானது என்று ஒரு பிழை குறிக்கப்பட்டால், அந்த மென்பொருள், புதியவை முதலில் வந்துசேரும் "நிலையற்ற" கிளையிலிருந்து "சோதனை" கிளைக்கு நகர்வது நின்றுவிடும். ஆகவே கடுமையை மிகைப்படுத்திக் குறிக்கும் பழக்கம் உள்ளவர்கள் அங்கே போய் மற்றவர்களின் வேலையை நிறுத்திவைக்கக் கூடாது.

நிலையற்ற பதிப்புகளை ஓட்டிப் பார்ப்பவர்களால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு 2024 மார்ச்சில் நடந்ததைச் சொல்வேன். எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டு, கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழைய ஒரு பின்வாசலை வைத்திருந்தார்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளரான ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், டெபியனின் நிலையற்ற கிளையில் வேறு ஏதோ வேகச் சோதனை செய்துகொண்டிருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைவதற்கு வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை விநாடி கூடுதலாக எடுப்பது அவர் கண்ணில் பட்டது. அரை விநாடிதானே என்று விட்டுவிடாமல் தோண்டிப் பார்த்தார். மார்ச் 29 அன்று பொதுவில் அறிவித்தார். டெபியனின் நிலையான பதிப்பை அது எட்டுவதற்கு முன்பே தடுக்கப்பட்டது. இதற்கு மறுபுறமும் உண்டு. இணையத் தொடர்பை மறையாக்கப் பயன்படும் ஓப்பன் எஸ்எஸ்எல் என்ற நிரல் நூலகத்தில் 2012 மார்ச்சில் வெளியான 1.0.1 பதிப்போடு நுழைந்த ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புப் பிழை 2014 ஏப்ரல் வரை வெளியே தெரியவில்லை. நிரல் எல்லோர் கண்ணுக்கும் திறந்துதான் இருந்தது. திறந்திருந்தால் மட்டும் போதாது, யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இனிக் குறைகள். எல்லாத் திட்டங்களும் லிப்ரே ஆபிஸ் போல நடத்துவதில்லை. நான் சோதித்த ஒரு சிறிய திட்டத்தில் அறிக்கைகள் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தன. குறிப்பிட்ட காலம் யாரும் பேசாவிட்டால் தானியங்கி ஒன்று வந்து "பழையதாகிவிட்டது" என்று மூடிவிடும். பிழை அப்படியே இருக்கும். அறிக்கை மட்டும் மூடப்பட்டிருக்கும். இதைவிடத் தன்னார்வலரைச் சோர்வடையச் செய்வது எதுவும் இல்லை. நினைவூட்டுவது தவறில்லை. ஒரு மனிதர் பார்க்காமலே மூடுவதுதான் தவறு. இன்னொரு திட்டத்தில் பராமரிப்பாளர் ஒருவர், படிகளோடும் கோப்போடும் தெளிவாக எழுதிய அறிக்கைக்கு, "திருத்தம் வேண்டுமென்றால் நீங்களே எழுதி அனுப்புங்கள்" என்று ஒற்றை வரியில் பதில் கொடுத்தார். அவரும் சம்பளமில்லாமல் உழைப்பவர், அவருடைய களைப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் நிரலாளர் மட்டுமே பங்களிப்பாளர் என்று நினைக்கும் திட்டத்தில் சோதனையாளருக்கு இடமில்லை. அங்கிருந்து விலகி வந்துவிட்டேன், சரியாகத்தான் செய்தேன்.

ஆகவே ஒரு திட்டத்தில் சேரும் முன் இப்படிச் செய்யுங்கள். அண்மையில் மூடப்பட்ட அறிக்கைகள் சிலவற்றைத் திறந்து, முதல் பதில் எப்போது வந்தது, எந்தத் தொனியில் வந்தது என்று படியுங்கள். மாற்றக் குறிப்புகளில் பிழையைச் சொன்னவருக்கு ஒரு வரி இடம் இருக்கிறதா என்று பாருங்கள். லிப்ரே ஆபிஸின் தர உறுதிக் குழு வெளியிடும் அறிக்கைகளில், அதிகமாகப் பிழை பதிந்தவர்கள், உறுதிசெய்தவர்கள் பெயர்கள் இடம்பெறுகின்றன. பெயர் வர வேண்டும் என்பதற்காக யாரும் இதைச் செய்வதில்லை. ஆனால் பெயரைப் போடும் இடத்தில் மரியாதையும் இருக்கும்.

மொழி ஒரு தடைதான். இந்தத் திட்டங்களில் அறிக்கைகள் ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகின்றன. இலக்கண சுத்தமாக எழுத வேண்டியதில்லை. சிறு வாக்கியங்கள், ஒரு வாக்கியத்துக்கு ஒரு செயல், அவ்வளவு போதும். சொல்லப்போனால் அலங்காரமாக எழுதுபவர்களின் அறிக்கைகளைத்தான் உறுதிசெய்யக் கடினம்.

இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லியே ஆக வேண்டும். பிழை அறிக்கையில் இணைக்கும் கோப்பு உலகத்துக்கே தெரியும். அலுவலக ஆவணத்தையோ மற்றவரின் பெயரும் முகவரியும் உள்ள கோப்பையோ அப்படியே ஏற்றிவிடாதீர்கள். நான் மேலே சொன்ன குறைக்கும் வேலையை முடித்து, உரையை மாற்றி, கோப்பின் பண்புகளில் ஒளிந்திருக்கும் ஆசிரியர் பெயரையும் நீக்கிய பிறகு இணையுங்கள். அடுத்தது, கண்டது பாதுகாப்புக் குறைபாடு என்று தோன்றினால் அதைப் பொதுவில் எழுதவே கூடாது. பெரிய திட்டங்களில் அதற்கென்று தனி முகவரி இருக்கும். அங்கே மட்டும் அனுப்புங்கள். திருத்தம் வெளிவரும் வரை வாய் திறக்காதீர்கள்.

அன்றாட வேலை நடக்கும் அதே நிறுவலில் சோதனைப் பதிப்பை ஓட்டாதீர்கள். லிப்ரே ஆபிஸில் ஒரே கணினியில் பல பதிப்புகளை அருகருகே வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. இயங்குதளத்தையே சோதிப்பதானால் கணினிக்குள்ளேயே தனிக் கணினி போல இயங்கும் மெய்நிகர் கணினி ஒன்றை அமைத்துக்கொள்ளுங்கள்.

சோதனையாளர்கள் அதிகம் தவிர்க்கும் ஒரு வேலையையும் சொல்லிவிடுகிறேன். பிழை திருத்தப்பட்டது என்று அறிவிப்பு வந்ததும் பலரும் நன்றி எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். பக்ஸில்லாவில் "தீர்ந்தது" என்பதற்கு அப்பால் "சரிபார்க்கப்பட்டது" என்று ஒரு நிலை இருக்கிறது. அன்றைய தினசரித் தொகுப்பை இறக்கி, குறைத்துவைத்த அதே கோப்பைத் திறந்து, அதே படிகளைச் செய்து, பிழை போய்விட்டதா, பக்கத்தில் வேறு எதுவும் கெடவில்லையா என்று பார்த்து, பதிப்பு எண்ணோடு எழுதிய பிறகே அந்த நிலைக்கு மாற்ற வேண்டும். லிப்ரே ஆபிஸின் பெரிய பதிப்புகள் ஆண்டுக்கு இரண்டு, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வருகின்றன. 2024 ஆகஸ்டில் வந்ததன் எண் 24.8, ஆண்டும் மாதமும்தான் எண். அவற்றுக்கு முந்தைய வாரங்களில் பீட்டா பதிப்புகளும் வெளியீட்டு முன்னோட்டங்களும் வரும். தீர்ந்தும் சரிபார்க்கப்படாமல் நிற்கும் அறிக்கைகளை எடுத்துப் பார்க்க அந்த வாரங்கள்தான் நல்ல நேரம். ஏதாவது தவறியிருந்தால் வெளியீட்டுக்கு முன்பே திருத்தச் சொல்ல அப்போது இன்னும் அவகாசம் இருக்கும்.